விருந்து மைனாவின் முட்டை

மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலம் அது. அந்தக் காலத்தில் ஈங்கை நாட்டை இளங்கொற்றன் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். கதை கேட்க உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது சிரித்துக்கொண்டே எழுந்து போகிற கதை இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இளங்கொற்றன் கெட்டவன் இல்லை. குடிகளை வதைத்தவன் இல்லை, சண்டைக்கு அலைந்தவனும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறைதான். 'தெரியாது' என்ற சொல் காதில் விழுந்தால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஒருமுறை அரண்மனைக் கிணறு வற்றிப்போனது. ஏன் வற்றியது என்று கேட்டான். முதல் அதிகாரி தெரியாது என்றான், அவனுக்கு வேலை போனது. இரண்டாமவன் தெரியாது என்றான், அவனுக்கு வீடும் போனது. மூன்றாமவன் புத்திசாலி. கிணற்றடித் தவளைகள் கூடிக் குடித்துவிட்டன என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. அன்றிலிருந்து அந்த அரண்மனையில் எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருந்தது.

அரசனுக்கு ஒரே மகள். பெயர் செவ்வந்தி, வயது ஏழு. பிள்ளை பிறந்த அன்றே அரசி போய்விட்டதால், செவிலி ஒருத்திதான் அவளைத் தூக்கி வளர்த்தாள். அரசனுக்கு அவள்தான் உலகம். அவள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் அவன் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

ஒரு கார்த்திகை மாதம் செவ்வந்திக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் இறங்கும், பொழுது சாயும்போது ஏறும். வாரம் போனது, மாதம் போனது, காய்ச்சல் போகவில்லை. சோறு இறங்கவில்லை, பழம் இறங்கவில்லை. செவிலி நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, சுக்குத் தட்டிப் போட்டு, அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கஞ்சி புகட்டினாள். அந்தக் கஞ்சி ஒன்றுதான் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது. அதில்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

மருத்துவர் ஒருவர் வந்து நாடி பார்த்தார். இந்தக் காய்ச்சலின் மூலம் எனக்குத் தெரியவில்லை, கஞ்சியை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அவரை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். இரண்டாவது மருத்துவர் வந்தார். எனக்கும் தெரியவில்லை, கஞ்சியை விடாமல் கொடுத்துப் பொறுத்துப் பார்ப்போம் என்றார். அவரைச் சிறையில் போட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் பூதநாதன். முதல் இருவருக்கும் நடந்தது அவனுக்குத் தெரியும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நாடி அவனுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அரசன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் பூதநாதன் சன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

வெளியே ஓர் இலவ மரம். இலையெல்லாம் கொட்டி, கிளை முழுக்கச் சிவப்புப் பூ. பூவுக்குப் பூ தாவிக்கொண்டு சாம்பல் தலையோடு சின்னச் சின்ன மைனாக்கள். மழைக்காலத்தில் வந்து வெயில் ஏறும்போது போய்விடுகிற பறவை என்பதால் அதை அந்த நாட்டில் விருந்து மைனா என்பார்கள். அதன் கூட்டையோ முட்டையையோ கண்டவர் யாரும் இல்லை என்பது ஊரறிந்த சேதி.

பூதநாதனுக்கு வழி கிடைத்துவிட்டது. "அரசே, இந்தக் காய்ச்சலுக்கு ஒரே மருந்துதான் உண்டு. விருந்து மைனாவின் முட்டை" என்றான்.

முட்டை எப்படியும் கிடைக்கப் போவதில்லை. கிடைக்காவிட்டால் பழி தன்மேல் இல்லை. இதுதான் அவன் போட்ட கணக்கு. அவனைத் திட்ட வேண்டாம். அந்த அறையில், அந்த அரசனுக்கு முன்னால் இருந்திருந்தால் நீங்களும் நானும்கூடச் சன்னலைத்தான் பார்த்திருப்போம்.

முட்டை தேடி ஆட்கள் நாலு திசையும் ஓடினார்கள். மேற்கே போனவர்கள் மலையடிவாரத்தில் தேன்பாறை என்ற சிற்றூருக்குப் போனார்கள். அங்கே இருந்தவை இருபது குடிசைகள். எல்லோருக்கும் தேனெடுப்பதுதான் பிழைப்பு.

அந்த ஊர்க்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேன் இருந்தது செங்குத்தான பாறையின் நெஞ்சில். உச்சியில் ஒருவன் நின்று காட்டுக்கொடியில் முறுக்கிய கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் அதில் தொங்கி இறங்குவான். கீழே பார்த்தால் மரமெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி தெரியும். கயிறு பிடிப்பவன் இறங்குபவனின் மனைவியுடைய அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் அல்லவா? அதனால் அப்படி ஒரு வழக்கம்.

அதைவிடப் பெரிய வழக்கம் ஒன்றும் உண்டு. இறங்குபவன் முதலில், கயிறு எப்படி என்று கேட்பான். மேலே நிற்பவன் மூன்றில் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். முடிச்சு முடிச்சாகத் தானே பார்த்திருந்தால் 'கண்டது'. வேறொருவன் பார்த்துச் சொல்லியிருந்தால் 'கேட்டது'. நன்றாகத்தான் இருக்கும் என்று மனதில் பட்டால் 'நினைத்தது'. கண்டது என்றால் மட்டுமே அவன் இறங்குவான். பாறையில் பழகிய அந்தப் பேச்சு ஊருக்குள்ளும் வந்துவிட்டது. மழை வருமா என்றாலும், ஆடு எங்கே என்றாலும், அந்த மூன்றில் ஒன்றைச் சேர்த்துத்தான் பதில் சொல்வார்கள். கண்டது என்று அங்கே யாரும் பொய் சொன்னதில்லை. சொன்னால் ஒருவன் செத்துப்போவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஊரில் சடையன் என்று ஒருவன் இருந்தான். தேனெடுப்பதில் கெட்டிக்காரன். பாறையில் மணிக்கணக்கில் தொங்குபவன் என்பதால் பறவைகளை அவன் அளவுக்கு யாரும் பார்த்ததில்லை. அவனுக்குக் கயிறு பிடிப்பவன் மச்சான் காரி, மனைவி வெள்ளச்சியின் அண்ணன். அரசனின் ஆட்கள் சடையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அரசன் அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டான்.

விருந்து மைனாவைத் தெரியுமா என்பது முதல் கேள்வி. கண்டது என்று தொடங்கினான் சடையன். வீட்டைச் சுற்றுகிற மைனாவைவிட அது சிறிசு. தலை சாம்பல் நிறம். பிடரியில் வெள்ளி நூல் தொங்குவது போல நீள நீளமாக இறகு. முதுகும் சாம்பல்தான். வயிறும் வாலும் நனைந்த செங்கல் நிறம். அலகின் அடியில் நீலம், நடுவில் பச்சை, நுனியில் மஞ்சள். கண் மட்டும் வெள்ளை, பாலாடை போட்ட மாதிரி. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது. அவன் சொல்லச் சொல்ல, சபையில் இருந்தவர்கள் சன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்து ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த மரத்தில் அத்தனை நாளாக அது உட்கார்ந்திருந்தும் யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

எப்படிப் பிழைக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதுவும் கண்டது என்றான். ஐப்பசி மழையோடு கூட்டமாக வரும், பங்குனி வெயிலில் கூட்டமாகப் போகும். தனியாக ஒன்றைப் பார்ப்பது அரிது. தரையில் இறங்காது. இலவம்பூவிலும் முருக்கம்பூவிலும் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும். குடித்துவிட்டு நிமிர்ந்தால் நெற்றியில் மஞ்சளாகப் பூந்தூள் ஒட்டியிருக்கும். ஆலம்பழமும் அத்திப்பழமும் தின்னும், ஈசல் பறந்தால் தாவிப் பிடிக்கும். பொழுது சாய்ந்தால் மூங்கில் புதரில் நூற்றுக்கணக்கில் அடைந்துகொண்டு, சந்தைக் கூச்சல் மாதிரி கத்திவிட்டு ஒரே சமயத்தில் அடங்கும். அரசன் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெரிந்தவனுக்கு மிச்சமும் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

மூன்றாவது கேள்வி, அது எங்கே முட்டையிடுகிறது என்பது.

சடையன் கையைக் கட்டிக்கொண்டான். "கண்டது இல்லீங்க சாமி. கேட்டதும் இல்ல. நெனச்சது ஒண்ணு இருக்கு, சொல்லட்டுங்களா?"

சொல் என்றான் அரசன்.

"ஐப்பசியில வரும்போதே கூட்டத்துல பாதி புள்ளைங்களா இருக்கும். வயித்துல செவப்பு ஏறியிருக்காது, கண்ணும் வெளுத்திருக்காது. பொறந்த எடத்துலேருந்து பறந்து வந்திருக்குதுங்க. மரங்கொத்தி குடைஞ்ச பொந்துல எல்லாம் தலைய விட்டுப் பாக்கும், ஆனா ஒரு துரும்பு கொண்டுபோய் வெச்சு நான் கண்டதில்ல. அதனால முட்டை நம்ம காட்டுல இல்ல, போற எடத்துல இருக்குன்னு நெனக்கிறேன். அது எந்த எடம்னு எனக்குத் தெரியாது சாமி."

அந்தச் சொல் வந்துவிட்டது. சபையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அலகின் அடியில் என்ன நிறம் என்று தெரிகிறது, முட்டை இருக்கும் இடம் தெரியவில்லையா? என் மகள் அங்கே படுத்துக் கிடக்கிறாள். நீ இங்கே ஒளித்துப் பேசுகிறாய்" என்றான் அரசன்.

சடையனுக்கு விலங்கு போட்டார்கள். அந்தப் பறவை நாட்டைவிட்டுப் போவதற்குள் முட்டை வர வேண்டும், வராவிட்டால் சடையனின் தலை போகும் என்று தேன்பாறைக்கு ஓலை போனது.

ஊரே காட்டுக்குள் இறங்கித் தேடியது. முட்டை இல்லை என்று தெரிந்தும் தேடியது. வெள்ளச்சி சமைப்பதை விட்டாள். காரி ஒரு மரத்தையும் விடாமல் ஏறினான், பொந்துக்குப் பொந்து கையை விட்டான். பல்லி இருந்தது, ஓணான் இருந்தது, ஒரு பொந்தில் பாம்பு இருந்தது. விருந்து மைனாவின் முட்டை இல்லை.

மாசி முடியப் போனது. இலவம்பூ உதிர்ந்து காய் பிடித்தது. மைனாக்கள் உடம்பு பெருத்துவிட்டன. சின்னச் சின்னக் கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து பெரிய கூட்டமாயின. காலையில் வானத்தில் வட்டமடித்துவிட்டுத் திரும்பவும் இறங்கின. புறப்படப் போகின்றன என்று காரிக்குப் புரிந்தது. அவன் தங்கச்சியின் கழுத்தைப் பார்க்கவே பயந்தான்.

அன்று ஒரு பட்டுப்போன இலுப்பை மரத்தில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில், நீலமாக நாலு முட்டைகள் கிடைத்தன. வீட்டைச் சுற்றுகிற சாதாரண மைனாவின் முட்டைகள். தாய் மைனா பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து அவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. யார் முட்டை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். பிறகு ஏறி ஒன்றை மட்டும் எடுத்து, பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

அரசன் முட்டையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். "உங்கள் ஊரில் மூன்று சொல் உண்டு என்றார்கள். இது அந்த மூன்றில் எது?" என்று கேட்டான்.

காரி நிமிர்ந்து பார்த்தான். சபையின் ஓரத்தில் சடையன் விலங்கோடு நின்றான். மெலிந்து எலும்பாகியிருந்தான்.

"கண்டதுங்க சாமி. அந்தப் பறவை இதுமேலேருந்து எந்திரிச்சுப் போனத என் ரெண்டு கண்ணாலயும் கண்டது."

தேன்பாறை தோன்றிய நாளிலிருந்து அந்தச் சொல்லை அப்படி யாரும் சொன்னதில்லை.

அரசன் சடையனிடம் திரும்பினான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டான். அது வீட்டு மைனாவின் முட்டை என்று சடையனுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இல்லை என்றால் காரியின் தலை போகும். ஆமாம் என்றால் அவனும் பொய் சொன்னவன் ஆவான். ஒரு முட்டைதானே, பிள்ளை தின்றால் என்ன கெட்டுவிடும் என்று அவனுக்கு அப்போது தோன்றியது. வீட்டு ஞாபகமும் வந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்ட அரசன் விலங்கைக் கழற்றச் சொன்னான்.

இதில் யார்மேல் குற்றம் என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

முட்டை வந்துவிட்டது என்று கேட்டதும் மருத்துவன் பூதநாதனுக்கு வியர்த்துவிட்டது. வராது என்று நம்பிச் சொன்ன முட்டை வெள்ளித் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இனி அதை மருந்தாக்கியாக வேண்டும். தேனில் குழைத்தான், மூலிகை இரண்டைக் கிள்ளிப் போட்டான். இவ்வளவு பெரிய மருந்தை வெறுமனே கொடுத்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். பெரிய மருந்து என்றால் பெரிய பத்தியம் இருக்க வேண்டும். அதனால், மூன்று நாளைக்கு இந்த மருந்தைத் தவிர வேறெதுவும் பிள்ளையின் வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டான். உப்பு கூடாது, தண்ணீர் கூடாது, கஞ்சி கூடவே கூடாது.

செவிலி அரசன் காலில் விழுந்தாள். "கஞ்சி மட்டும் குடுத்துக்கிறேங்க. அதுலதான் உசுரு நிக்குது."

உனக்கு அது நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான் அரசன். நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல அவளுக்குப் பொய் வரவில்லை.

முதல் நாள் செவ்வந்தி கஞ்சி கேட்டாள். இரண்டாம் நாள் தண்ணீர் கேட்டாள். மூன்றாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று வெயில் ஏறும்போது பிள்ளை செவிலியின் மடியிலேயே போய்விட்டாள். சன்னலுக்கு வெளியே இலவ மரம் காலியாக நின்றது. மைனாக்கள் விடியும்போதே வடக்கே போயிருந்தன.

முட்டை கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது, அதுதான் காரணம் என்றான் பூதநாதன். அதுவும் ஒரு பதில்தான். அரசன் அதை ஏற்றுக்கொண்டான்.

சடையன் வீடு திரும்பிய அன்று தேன்பாறையில் விருந்து வைத்தார்கள். வெள்ளச்சி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை செத்த சேதியும் பத்தியம் வைத்த சேதியும் பத்து நாள் கழித்து உப்பு வணிகன் மூலம் வந்தன. வெள்ளச்சிதான் அண்ணனிடம் கேட்டாள், அது எந்த முட்டை என்று. காரி மறைக்கவில்லை. மூன்று சொல்லில் ஒன்று பொய்யாகிவிட்டது என்பது அன்றைக்கு ஊர் முழுவதற்கும் தெரிந்தது. அவனை யாரும் திட்டவில்லை. மச்சான் தலையைக் காப்பாற்றியவனை என்னவென்று திட்டுவது?

வைகாசியில் தேன் முற்றியது. சடையன் பாறை விளிம்புக்குப் போய்க் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். வழக்கம்போல் கேட்டான், கயிறு எப்படி என்று.

"கண்டது" என்றான் காரி.

சடையன் ஒரு காலைக் கீழே வைத்தான். எடுத்துவிட்டான். இன்னொரு முறை கேட்டான். கண்டது என்று காரி இன்னும் உரக்கச் சொன்னான். மூன்றாம் முறையும் கேட்டான். ஒவ்வொரு முடிச்சையும் கண்டது மச்சான் என்று சொல்லும்போதே காரியின் குரல் உடைந்துவிட்டது. அவன் உண்மையாகவே பார்த்திருந்தான். கயிற்றில் ஒரு குறையும் இல்லை.

"நீ எனக்காகத்தான் சொன்ன, மச்சான். அது எனக்குத் தெரியும். ஆனா கால் எறங்க மாட்டேங்குது" என்றான் சடையன்.

கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பாறைமேல் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்களும் இறங்க முயன்று பார்த்தார்கள். அவர்களுக்கும் அப்படியே ஆனது. மேலே நிற்பவன் கண்டது என்பான், கீழே போக வேண்டியவனுக்கு அரண்மனையில் சொன்ன 'கண்டது' ஞாபகம் வரும். அந்த வருடம் ஒருவரும் இறங்கவில்லை. தேனடைகள் கனம் தாங்காமல் அறுந்து விழுந்தன. அடிவாரத்தில் எறும்பு மொய்த்தது. மழைக்காலம் முழுவதும் தேன்பாறைக்காரர்கள் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள்.

ஐப்பசி வந்தது. மழையோடு விருந்து மைனாக்களும் வந்தன. அவற்றுக்கு என்ன தெரியும், அதே இலவ மரத்தில் வந்து உட்கார்ந்தன.

அரசன் மகளின் அறையில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பான். சன்னலுக்கு வெளியே பார்த்தபோது, கூட்டத்தில் பாதி மங்கலாக இருப்பது கண்ணில் பட்டது. வயிற்றில் சிவப்பு இல்லை. கண் வெளுக்கவில்லை. ஒரு குஞ்சு பெரிய மைனாவின் பக்கத்தில் போய் வாயைத் திறந்து இரை கேட்டது. பிறந்த இடத்திலிருந்து பறந்து வந்த பிள்ளைகள். சடையன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றே காவலர் யாரும் இல்லாமல் செவிலியை மட்டும் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தான்.

தேன்பாறையில் அவனைப் பார்த்ததும் காரி தானாகவே முன்னால் வந்தான். அது வீட்டு மைனாவின் முட்டை என்றும், மச்சானின் தலைக்காகப் பொய் சொன்னதாகவும் சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டி உட்கார்ந்தான். அரசன் அவனைத் தாண்டிப் போனான். சடையனுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஒன்றே ஒன்று கேட்க வந்தேன். என் அரண்மனையில் எல்லோரும் எதையாவது சொல்கிறார்கள், ஒன்றையும் நம்ப முடியவில்லை. பத்தியம் வைக்காமல் அந்தக் கஞ்சியைக் கொடுத்திருந்தால், என் மகள் பிழைத்திருப்பாளா?"

செவிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதன் அன்று இரவு தூங்கியிருப்பான். அது சடையனுக்கும் தெரியும். ஒருமுறை வாய்மூடி நின்றதில் என்ன ஆனது என்பதும் தெரியும்.

"கண்டது இல்லீங்க சாமி. கேட்டதும் இல்ல. நெனச்சதுன்னு ஒண்ணு சொல்ல எனக்கு மனசு வரல. தெரியாதுங்க சாமி."

அரசன் கோபப்படவில்லை. அந்தச் சொல்லை வாழ்நாளில் முதன்முறையாக முழுதாகக் கேட்டுக்கொண்டான். தெரியாது என்று தானும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு பொழுது சாயும்வரை பாறைமேல் உட்கார்ந்திருந்தான். மூங்கில் புதரில் மைனாக்கள் கத்தி ஓய்ந்ததும் எழுந்து, வந்த வழியே இறங்கிப் போனான்.

சிறையில் கிடந்த மருத்துவரை அவன் விடுவித்தான் என்றும், துரத்தப்பட்டவரைத் தேடி ஆள் அனுப்பினான் என்றும் சொல்கிறார்கள். அது கேட்டது. அதற்குப் பிறகு அவன் யாரையும் தெரியாது என்றதற்காகத் தண்டிக்கவில்லை என்பார்கள். அதுவும் கேட்டதுதான். பத்தியமா, காய்ச்சலா என்ற கேள்வியோடு அவன் கடைசிவரை இருந்தான் என்பது நான் நினைத்தது. தேன்பாறையின் நெஞ்சில் இன்றைக்கும் அடை கட்டித் தேன் தொங்குவதும், அதை எடுக்க ஒருவரும் இறங்காததும் மட்டும் நான் கண்டது.

கதை இதோடு சரி, இனி எழுந்து போகலாம். போகும்போது இந்த ஒன்றை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்: தெரியாது என்று உண்மை சொன்னவனைத் தண்டித்தால், அதன்பிறகு நமக்குக் கிடைப்பதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும், உயிர் போகிற நேரத்திலும்.